மெழுகு மதினி

எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் மதினி முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது எம்புட்டுச் சூட்டுக்கு உருகும்?"

அப்போது கோவில்பட்டியில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாங்களுமாகக் குடியிருந்தோம். எனக்குப் பூஜைச் சாமான் கடை. சூடம், சாம்பிராணி, குங்கிலியம், விபூதி, குங்குமம், திரி என்று சாமிக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். சூடம் கரி விடுமா என்று கேட்பார்கள், குங்குமம் நெற்றியில் நிற்குமா என்று கேட்பார்கள். உருகுமா என்று கேட்டது அவர் ஒருவர்தான். உறவில் அவர் எனக்கு மதினி இல்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் மதினி ஆனார். தெருவில் மற்றவர்களுக்கு மெழுகு மதினி.

அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீசில் மெழுகு முக்குகிற வேலை. குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் நுனியை மெழுகில் முக்கி எடுப்பார்கள். அப்போதுதான் மருந்து எரிந்த கையோடு தீ குச்சிக்கு ஏறும். மெழுகுத் தட்டின் அடியில் தங்குகிற கசடை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. அண்ணாச்சி அதைத் தூக்குவாளியில் கொண்டுவருவார். அடுப்புப் பற்றவைக்கத்தான் கொண்டுவந்தார். ஒரு நாள் அதில் ஒரு சொட்டு, தரையில் கிடந்த தீப்பெட்டி லேபிள் மேல் விழுந்துவிட்டது. லேபிளில் ஒரு மயில். மதினி அதை எடுத்து ஊதி ஆறவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சுவருக்கு மேலே கையை நீட்டி என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன பாரு. கிணத்துத் தண்ணிக்குள்ள மயில் நிக்கற மாதிரி இல்ல?"

"மெழுகு சிந்தியிருக்கு அக்கா. சொரண்டினா போயிரும்" என்றாள் என் மனைவி.

மதினி சுரண்டவில்லை. அந்த மெழுகு மேல் இன்னொரு சொட்டு விட்டார். மயில் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு பொங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அடுப்பில் மெழுகுதான் இருந்தது.

அவர் யாரிடமும் படித்ததில்லை. பழைய கதவுப் பலகையில் வேட்டித் துணியைப் பெட்டி ஒட்டுகிற பசையால் ஒட்டிக் காயவைப்பார். அதுதான் அவருக்குக் காகிதம். கரிசல் மண்ணைச் சேலை முந்தியில் சலித்து மெழுகில் கலந்தால் கறுப்பு. துணிக்குப் போடுகிற நீலம், காவிக்கட்டி, செங்கல் பொடி, விளக்குக் கரி எல்லாம் தேங்காய்ச் சிரட்டைகளில் வரிசையாக இருக்கும். தூரிகைமுடி சூட்டில் கருகிப்போகிறது என்று பனைநாரைத் தட்டிக் கட்டிக்கொண்டார். தோசை திருப்புகிற சட்டுவத்தைச் சூடாக்கி மெழுகை இழுப்பார். நடுநடுவே பருத்தி, குச்சி, லேபிள் துண்டு, சீலை நூல் எதையாவது வைத்து அதன்மேல் மறுபடி மெழுகை ஊற்றுவார். ஊற்றிவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆறட்டும், பார்ப்போம்" என்பார்.

ஆறியபிறகு பார்ப்பார். பிடிக்காது. மறுபடி சூடு காட்டுவார். மதினியிடம் இதுதான் விசேஷம். முடிந்துவிட்டது என்ற பேச்சே அவர் வாயில் வராது. அவர்கள் வீட்டு முன்னறையில் தை மாதம் நான் கும்பிட்ட லட்சுமி, பங்குனியில் சரஸ்வதியாக இருந்தார். தாமரை மட்டும் அப்படியே இருந்தது.

"ரெண்டும் தாமரையிலதான தம்பி இருக்காக" என்றார் மதினி.

கடைக்கு அவர் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

"தம்பி, உங்க குங்குமம் சூட்டுக்கு நிக்க மாட்டேங்கு. சட்டியில போட்டதும் செங்கக்கட்டி நிறத்துக்குப் போயிருது."

பக்கத்தில் குங்குமப் பொட்டலத்தைக் கையில் எடுத்திருந்த அம்மாள் அதைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"மதினி, குங்குமம் நெத்திக்கு உள்ளது. நெத்தி அம்புட்டுச் சூடு வராது."

"வராதுதான். தெரிஞ்சு வச்சுக்கிடுங்கன்னு சொல்லுதேன்."

வியாபாரம் ஒரு பக்கம். சாமிக்கு உள்ள பொருளைச் சட்டியில் போட்டு வறுக்கிறாரே என்று எனக்கு மனசுக்குள் உறுத்தல். காலையில் செண்பகவல்லி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் கடை திறப்பேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பாவமில்லையா மதினி?"

"அம்மனுக்குச் சீலை செவப்பா வேணும்னு கேக்கேன். எனக்கா கேக்கேன்?"

குங்குமத்தைக் கூடவே ஒரு பிடி போட்டுக் கட்டிக் கொடுத்தேன். ஆனால் அடுத்த வாரம் அவர் சிவப்பில் எழுதியது ஒரு ரயில் பெட்டி.

குங்கிலியப் பிசினைத் தட்டிப் போட்டால் மெழுகு இறுகும் என்று கண்டுபிடித்ததும் என் கடையில்தான் வாங்கினார். எவ்வளவு போட வேண்டும் என்பது தெரியாமல் கூடுதலாகப் போட்டு, முருகன் இடுப்போடு இரண்டாக உடைந்தார். மேல்பாதியைச் சுவரில் மாட்டினார். கீழ்ப்பாதியைத் திரும்ப உருக்கினார்.

எங்கள் வீட்டுக் கரி இஸ்திரிப் பெட்டியை மதினி இரவல் வாங்குவார். மெழுகின்மேல் அதை லேசாகத் தேய்த்தால் ஒரு அடுக்கும் இன்னொரு அடுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். துடைத்துத்தான் திருப்பித் தருவார். ஒரு தடவை சரியாகத் துடைக்கவில்லை. கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போக என் மனைவி வேட்டியைத் தேய்த்து வைத்திருந்தாள். இருட்டோடு எழுந்து கட்டிக்கொண்டு போய்விட்டேன். சன்னதியில் திரும்பி நின்றபோது பூசாரி என் பின்பக்கத்தைப் பார்த்து, "இது என்னய்யா, மயிலா?" என்றார். பாதி மயில். தோகை மட்டும். சுவாமிக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை, நல்ல தரிசனம்.

வீட்டுக்கு வந்து காட்டினேன். மதினி வேட்டியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"பலகையில ஒட்டுன துணியை விட வெறுந்துணியில நல்லாப் பிடிச்சிருக்கே தம்பி. இது எனக்கு வேணும்."

வேட்டியை வாங்கிக்கொண்டு போனார். வேட்டி திரும்பி வரவில்லை.

தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் மதினியைச் சொன்னதாகாது. அம்மன் முகத்தைப் பெரிதாக எழுதி அந்தக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். வெளிச்சுவரில், மேற்கே பார்த்து மாட்டியிருந்தார்கள். அக்கினி நட்சத்திர வெயில். ஒரு சாயங்காலம் யாரோ பார்த்துவிட்டுக் கத்தினார்கள். அம்மன் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. வேப்பிலையால் விசிறினார்கள். ஒருத்திக்கு அருள் வந்தது. நான் கடையிலிருந்து சூடக் கட்டு எடுத்துக்கொண்டு ஓடி, தேங்காய் உடைத்துக் கண்ணீரோடு நின்றேன்.

மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"விசிறாதீக. படத்தை நிழலுக்கு மாத்துங்க. மெழுகு எளகுது."

முன்னால் நின்ற பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மன் வேர்க்கான்னு ஊரே கும்பிடுதோம். நீ மெழுகுங்கே!"

"நாந்தான செஞ்சேன் மாமா?"

"செஞ்சது நீ. வேர்க்கது அவ."

மதினி அம்மன் நெற்றியை இன்னொரு தடவை பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். போகிற வழியில் என்னிடம், "குங்கிலியம் இன்னும் ஒரு பிடி போட்டிருக்கணும்" என்றார். உடைத்த தேங்காயைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியவர் சொன்னதுதான் சரி என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அடுத்தது என் அம்மா விஷயம்.

அம்மா ஒரு வைகாசியில் தவறிப்போனாள். காரியமெல்லாம் முடிந்து மாலை போடப் படம் தேடியபோதுதான் அவளுக்குப் படமே இல்லை என்பது தெரிந்தது. கேமராவைக் கண்டால் முந்தியால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆயுசு குறையும் என்பது அவள் எண்ணம். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் அவள் முதுகு இருக்கிறது. இன்னொன்றில் தாம்பாளம் நீட்டுகிற கை இருக்கிறது. அது அவள் கைதான், வளையலைப் பார்த்தால் தெரியும். முகம் எங்கேயும் இல்லை. ஸ்டுடியோவில் போய்க் கேட்டேன். கையை வைத்து முகம் போட முடியாது என்றார்கள்.

படம் இல்லாமல் எப்படித் திதி கொடுப்பது என்று மதுரையிலிருந்து அண்ணன் கடைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். எனக்குப் பயம் வேறு. கண்ணை மூடினால் அம்மாவின் சத்தம் வருகிறது, சேலை வருகிறது, முகம் மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகிறது. பெற்ற தாயின் முகத்தை ஒரு வருஷத்துக்குள் மறந்துவிட்டு நான் யாரைக் கும்பிட்டு என்ன புண்ணியம்? இதை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே மதினியின் தலை தெரிந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி."

"எது மதினி?"

"உங்க அம்மா மொகம். அந்தச் சாக்கடைத் தண்ணிக்காக நானும் அவியளும் தெனமும் இந்தச் சுவத்துல நின்னு சண்டை போட்டோம்லா? சண்டை போட்ட மொகம் மறக்குமா? ரேகை ரேகையாச் சொல்லுவேன்."

அது உண்மை. எட்டு வருஷம் அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் பேசினார்கள். நாங்கள் பிள்ளைகள் யார் அம்மாவை அப்படி நிமிர்ந்து பார்த்தோம்? சோறு போடுகிற கையைத்தான் பார்த்தோம்.

மதினி ஒரு பழைய பத்திரிகைத் தாளையும் கொண்டுவந்து காட்டினார். என் கடையில் சூடம் மடித்துக் கொடுத்த தாள்தானாம். ஏதோ எகிப்து தேசத்தில் செத்தவர்கள் முகத்தை மெழுகில் எழுதி வைத்தார்களாம், இரண்டாயிரம் வருஷமாகியும் கண் அப்படியே பார்க்கிறதாம். படத்தில் இருந்த பெண்பிள்ளை நிஜமாகவே என்னைப் பார்த்தாள்.

"நான் இதுவரைக்கும் மனுச மொகம் செஞ்சதில்ல. சாமி மொகம்னா யாரும் தப்புச் சொல்ல முடியாது. மனுச மொகம் அப்படியில்ல. ஒண்ணாவது சரியாச் செஞ்சுரணும்னு இருக்கு தம்பி. குடுங்க, நான் செய்யுதேன்" என்றார்.

கசடு மெழுகு வேண்டாம் என்று நாட்டுமருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். மாதக்கணக்கில் அம்மா அடுப்பில் இருந்தாள். பகல் ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் போல் தெருப் பெண்கள் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "இன்னைக்கு மூக்கு வந்திருக்கு" என்பாள் என் மனைவி. மறுநாள், "மூக்கு போயிருச்சு" என்பாள். கன்னத்துக்குக் கரிசல் மண்ணும் மஞ்சளும். நரைமுடிக்கு அவர்கள் வீட்டுப் பருத்தி. சேலைக்கு அம்மாவின் சேலையிலேயே ஒரு துண்டு.

மாசி கடைசியில் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தேன். உதட்டின் இரண்டு கடையும் கீழே இறங்கியிருந்தது. அம்மாவுக்கு அப்படித்தான். பாயசம் பரிமாறும்போதுகூடச் சண்டைக்கு வருகிறவள் மாதிரியே இருப்பாள். ஆனால் படத்தில் அதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. தெய்வமாகிவிட்டவள் இப்படி முறைத்துக்கொண்டா இருப்பாள்? அண்ணனிடம் போனில் சொன்னேன். அவனும் அதையே சொன்னான்.

"சிரிச்ச முகமா இருக்கட்டும்லே. நாளைக்குப் பேரப்பிள்ளைக கும்பிட வேண்டாமா?"

அதை மதினி வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி குறுக்கே விழுந்தாள். "அத்தை எப்பச் சிரிச்சாக?"

மதினி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அவிய சிரிச்சு நான் பார்க்கலயே தம்பி. பார்க்காததை எப்படிச் செய்ய?"

"கொஞ்சமா மதினி. லேசா."

செய்தார். இதற்கு மட்டும் "ஆறட்டும், பார்ப்போம்" என்று சொல்லவில்லை. உதட்டின் மேல் ஒரு அடுக்கு ஊற்றி, சட்டுவத்தால் இரண்டு கடையையும் மேலே தூக்கிவிட்டார். அம்மா சிரித்தாள். காலண்டரில் வருகிற அம்மாக்கள் மாதிரி, நல்ல சிரிப்பு. பக்கத்து ஊரில் யாரோ ஒருவரின் அம்மா என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

மாரியம்மன் கோயிலில் பட்டதால் இந்தத் தடவை குங்கிலியம் கூடவே போட்டிருந்தார். சித்திரையில் படத்தை அவர்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மல்லாக்கப் போட்டுப் பகல் முழுக்க வைத்துப் பார்த்தார். என் மனைவி கீழே நின்றுகொண்டு, "அத்தைய வெயில்ல போட்டிருக்காகளே" என்று அரற்றினாள். அம்மா உருகவில்லை. "இது வெயிலுக்கு நிக்கும்" என்று சொல்லித்தான் மதினி படத்தை எங்களிடம் கொடுத்தார்.

திதி அன்று அண்ணன் குடும்பத்தோடு வந்தான். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து எங்கள் அத்தை வந்தாள். அப்பாவுடன் பிறந்தவள். எங்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் எது செய்யலாம், எது கூடாது என்பது அத்தை வாயிலிருந்துதான் வர வேண்டும். ஐயர் வந்து தர்ப்பணம் செய்துவைத்துவிட்டுப் போனார். சுவரோரம் பெஞ்சு போட்டுப் படத்தை வைத்து மாலை போட்டோம். அத்தை பெரிய குத்துவிளக்கை எடுத்துவரச் சொல்லி ஐந்து முகமும் ஏற்றினாள்.

"இன்னும் கிட்ட வைலே. மொகத்துல வெளிச்சம் படட்டும்."

வைத்தேன். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் என்றால் சூடு, அடுப்பு என்றால் சூடு. விளக்கு சூடு என்று யார் நினைத்தோம்? விளக்கு விளக்குதான். மதினி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். வேற்று வீட்டுக்காரி, காரியம் முடிந்து வருகிறேன் என்று இருந்துவிட்டார்.

விளக்குக்கு இந்தப் பக்கம் தலைவாழை இலை விரித்துப் படையல் போட்டோம். அண்ணன் காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்குப் போனான். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அத்தை என் தோளைப் பிடித்தாள்.

"ஏலே, ஒங்கம்மா வாய் அசையுதுடா."

பார்த்தேன். அசைந்தது. நாடியில், மோவாய் நுனியில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏதோ சொல்ல வாரா" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இருக்கிறதே இந்த ஒரு முகம்தான். விளக்கை அணைக்கப் போனேன்.

"என்னலே செய்யுதே? பெத்தவளுக்கு ஏத்துன விளக்க அணைக்கப்போறியா?"

"தள்ளியாவது வைக்கேன் அத்தை!"

"படையல் மேல கைய நீட்டி எதையும் எடுக்கக் கூடாது. காக்கா எடுக்கட்டும், பொறவு நீ எடு."

"படத்தையாவது..."

"படையல் போட்ட பொறவு அவளை எந்திரிக்கச் சொல்லுவியா? சாப்பிட உக்காந்திருக்கா."

அத்தை சொல்வது எல்லாம் நான் காலமெல்லாம் நம்பினதுதான். மாடிப்படியில் ஓடினேன். அண்ணன் கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டு நிதானமாகக் கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சத்தமாக் கூப்பிடு! அம்மா உருகுதா!"

அண்ணனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சத்தமாகக் கூப்பிட்டான். நானும் கூப்பிட்டேன். ஒரே ஒரு காக்காய் எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. அண்ணன் மகள் வடையைத் தூக்கிக் காட்டினாள். கீழே இருந்து என் மனைவி, "மூக்குக்கு வந்திருச்சு!" என்று கத்தினாள். அம்மாவை எதிரே வைத்துக்கொண்டு நான் அழுதது குறைவு. அன்றைக்கு அந்தக் காக்காயைப் பார்த்துக் கைகூப்பி அழுதேன். அம்மா, வந்து எடுத்துக்கோம்மா, உனக்கு என்ன குறை வைத்தோம் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அது பறந்து வந்தது. வடையை விட்டுவிட்டுச் சோற்றோடு வைத்த பாகற்காயை எடுத்தது.

கீழே நான் வருவதற்குள் என் மனைவி விளக்கைத் தள்ளி வைத்துவிட்டாள். மதினி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். எல்லோரும் படத்தைச் சுற்றி நின்றோம். மாலையின் கீழ்ப்பாதி மெழுகாகியிருந்தது. சேலைக்கரை தோளிலிருந்து கீழே இறங்கியிருந்தது. சிரிப்பு போய்விட்டது. உதட்டின் இரண்டு கடையும் கீழே இறங்கி, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கி, கன்னத்துச் சதை லேசாகத் தொங்கி, அம்மா எங்களை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன்தான் முதலில் பேசினான்.

"நான் மதுரையிலேருந்து வந்து எறங்கும்போதெல்லாம் இப்படித்தான் பார்ப்பா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்னு."

சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். அத்தை தன் நாத்தனார் காலத்துக் கோபமெல்லாம் வந்துவிட்டவள்போல், "இவதான். இவளேதான்" என்று தலையை ஆட்டினாள். மாதக்கணக்காக எனக்கு மங்கிக்கொண்டே போன முகம் கண்ணுக்கு எதிரே நின்றது. நான் கீழே விழுந்து கும்பிட்டேன்.

மதினி குனிந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் முதலில் செய்த வாய்தான் வெளியே வந்ததா, மேலே செய்தது வழிந்து இப்படி ஆனதா என்று கேட்டேன்.

"எனக்கே தெரியல தம்பி" என்றார்.

சாப்பாடெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பியபிறகு மதினி திரும்பி வந்தார். கையில் சட்டுவமோ இஸ்திரிப் பெட்டியோ இல்லை. முந்தியைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"தம்பி, படத்தை ஒரே ஒரு வாரம் குடுங்க."

"எதுக்கு மதினி? நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. அதான். முதல்ல நீங்க சொன்னபடி செஞ்சேன். பொறவு விளக்கு அது இஷ்டத்துக்குச் செஞ்சுது. என் இஷ்டத்துக்கு நான் ஒரு தடவை செய்ய வேண்டாமா? இப்ப எனக்கு அந்த வாய் எப்படின்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மனுச முகம் ஒன்றாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் புகையில் கிடந்தவர். கொடுத்தால் அவர் சும்மா வைக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். வாயைச் செய்வார், ஆறியதும் மூக்கு பிடிக்காது. லட்சுமி சரஸ்வதி ஆன வீடு.

"இன்னொரு தடவை அம்மாவை அடுப்புல வைக்க எனக்கு மனசு வரல மதினி" என்றேன்.

மதினி தலையை ஆட்டினார். போய்விட்டார். கொஞ்ச நாளைக்குச் சுவருக்கு மேலே தலை தெரியவில்லை. குங்கிலியம் வாங்கவும் வரவில்லை. கடைக்கு வேறு யாரையோ அனுப்பி வாங்குகிறாரோ என்று வருகிறவர்களை எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக்காற்று தொடங்கியபோது அவராகவே வீட்டுக்கு வந்தார். நேரே படத்துக்கு எதிரே போய் நின்றார். நான் விளக்கை எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்ததைப் பார்த்துக்கொண்டார்.

"விளக்கு அங்கனயே இருக்கட்டும். ஆனா எங்க கூரை சாயங்காலம் ஆறிரும், உங்க மாடி வாங்குன சூட்டைச் சுவத்துக்கு எறக்கும். கோடையில மத்தியானம் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. பெறங்கையால. இந்தக் கன்னத்துல. கைக்குச் சூடாத் தெரிஞ்சா எறக்கி, ஈரச் சாக்கு மேல வைங்க."

"தெய்வத்தைத் தொடலாமா மதினி?"

"அம்மாவைத் தொடலாம்லா?"

அண்ணாச்சியின் ஆபீஸ் மூடியபிறகு அவர்கள் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மதினி அங்கே போயும் மெழுகை விடவில்லை, சாயப்பட்டறை நிறமெல்லாம் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டார் என்று கேள்வி. மனுச முகம் செய்தாரா என்று தெரியவில்லை. கொஞ்ச காலம் வீட்டுக்குப் போன் போடுவார். எடுத்ததும் என் சுகத்தையோ பிள்ளைகளையோ கேட்கமாட்டார். "அம்மா எப்படி இருக்காக?" என்றுதான் கேட்பார். நான் கன்னம், நாடி, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வேன். முடித்ததும் "சரி" என்று வைத்துவிடுவார். பிறகு அந்தப் போனும் நின்றுபோனது.

சித்திரை, வைகாசியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் கைகால் அலம்பிக்கொண்டு முதலில் அம்மாவிடம் போவேன். மாலையை ஒதுக்கிவிட்டுப் புறங்கையை அந்தக் கன்னத்தில் வைப்பேன். உயிரோடு இருந்தவரைக்கும் நான் அவளை அப்படித் தொட்டதில்லை. இளஞ்சூடாக இருக்கும். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.